ஜோல்சுவின் மும்முரம்

தாஷ்-புலாக் ஆவண அலுவலகத்தில் ஜோல்சுபெக்கைப் போல உழைக்கிறவன் கிடையாது என்று ஊரே சொல்லும். காலையில் வந்து கோட்டைக் கழற்றும்போதே ஒரு பெருமூச்சு விடுவான். அவன் நடப்பது நடையல்ல, பாதி ஓட்டம். கையில் எப்போதும் ஒரு காகிதம். தாழ்வாரத்தில் யாராவது நிறுத்தி, "எப்படி இருக்கே ஜோல்சு? பிள்ளைங்க, ஆடுமாடு எல்லாம் சுகமா?" என்று விசாரித்தால், அந்தக் காகிதத்தை உயர்த்திக் காட்டி, "வந்து பேசறேன், வந்து பேசறேன்" என்றபடியே போய்விடுவான். மூன்று மாதமாகக் கையில் இருப்பது அதே காகிதம்தான் என்பது அவனுக்கு மட்டும் தெரியும்.

அவன் பிறவிச் சோம்பேறி அல்ல. வேலைக்குச் சேர்ந்த புதிதில் எல்லாரையும்விட வேகமானவனாக இருந்தான். கலைக்கப்பட்டுப்போன கூட்டுப் பண்ணைகளின் பழைய பதிவேடுகள் அந்த அலுவலகத்தில்தான் இருந்தன. ஓய்வூதியம் வாங்கும் வயதை எட்டியவர்கள், தாங்கள் இத்தனை வருஷம் பண்ணையில் மாடு மேய்த்தோம், டிராக்டர் ஓட்டினோம் என்று சான்று கேட்டு மனுக் கொடுப்பார்கள். பதிவேட்டில் பெயரைத் தேடி, வருஷங்களை எடுத்து எழுதி, முத்திரை வைத்துக் கொடுக்க வேண்டும். ஒரு வாரத்து மனுக்களை ஜோல்சு செவ்வாய்க்கிழமையே முடித்துவிட்டான். புதன்கிழமை கையைக் கட்டிக்கொண்டு, ஜன்னலுக்கு வெளியே பாப்லர் மரங்களைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான்.

அதைத் தலைமை அதிகாரி துர்தாலி பார்த்துவிட்டார். எல்லாரும் அவரைத் துர்தாலி பைகே என்று மரியாதையாக அண்ணன் முறை சொல்லித்தான் கூப்பிடுவார்கள்.

"என்னப்பா, பொண்ணு பார்க்க வந்த மாப்பிள்ளை மாதிரி உட்கார்ந்திருக்கே? அரசாங்கம் உனக்கு மரம் பார்க்கவா சம்பளம் தருது?"

"எல்லாம் முடிச்சிட்டேன், பைகே."

"முடிச்சிட்டானாம்! கேட்டீங்களா? சரி, மண்வெட்டியை எடு. வாசல்ல பனி முழங்கால் உயரம் கிடக்கு."

பனி தள்ளினான். அடுத்த வாரமும் சீக்கிரம் முடித்தான். இந்த முறை நிலக்கரி சுமக்க அனுப்பினார்கள். மூன்றாவது வாரம், ஒரு மனுவை எடுத்து முன்னால் வைத்துக்கொண்டு நெற்றியைச் சுருக்கினான். துர்தாலி பைகே கதவருகே வந்து எட்டிப் பார்த்துவிட்டு, நுனிக்காலில் திரும்பிப் போனார்.

அன்று பிடித்த வழி பன்னிரண்டு வருஷம் ஓடியது. மேஜையில் இரண்டு பதிவேடுகள் எப்போதும் விரிந்தே கிடக்கும். அவற்றில் ஒன்றின் அடியில் குறுக்கெழுத்துப் புதிர்ப் புத்தகம். தொப்பியை நாற்காலியில் விட்டுவிட்டுப் போனால் இரண்டு மணி நேரம் கடைத்தெருவில் சுற்றலாம். "இங்கதான் எங்கேயோ இருக்கான்" என்பார்கள். அறையில் இருந்த ஒரே டெலிபோன் அவன் மேஜையில் இருந்தது. நரீனில் இருக்கும் மேலலுவலகத்தோடு பேசுகிறவன் போல ரிசீவரைக் காதில் வைத்து, "ஆமாங்க... இல்லீங்க... அந்தப் பட்டியல் வியாழக்கிழமைக்குள்ள அனுப்பிடறேன்" என்று சொல்லிக்கொண்டிருப்பான். எதிர்முனையில் ஊ என்ற ஓசையைத் தவிர ஒன்றும் இருக்காது.

அதே அறையில் எதிர் மேஜையில் இருந்தவர் அனார்கான். ஜோல்சுவைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவர், அதனால் அவனுக்கு அக்கா முறை, அனார்கான் எஜே. பண்ணைகளிலிருந்து மூட்டை மூட்டையாக வந்து குவிந்த காகிதங்களை அடுக்கி, எண் போட்டு, பட்டியல் எழுதுவது அவர் வேலை. எலி கடித்தவை, டிராக்டர் எண்ணெய் படிந்தவை, அடுப்பிலிருந்து பாதியில் மீட்டவை என்று எல்லாம் கலந்து கிடக்கும். ஒவ்வொரு தாளையும் உள்ளங்கையால் நீவி, படித்துவிட்டுத்தான் அடுக்குவார். மெதுவான ஆள். மலையிலிருந்து மனுவோடு வருகிறவர்களை உட்கார வைத்துத் தேநீர் ஊற்றுவதும் அவர்தான்.

ஜோல்சு டெலிபோனை எடுத்தால் அனார்கான் எஜே எழுந்து வெளியே போய்விடுவார். மேலலுவலகத்தோடு பேசும்போது கூட ஆள் இருந்தால் தொந்தரவு என்று நினைப்பு. அடுப்பு இல்லாத தாழ்வாரத்தில், சால்வையை இழுத்துப் போர்த்தியபடி நிற்பார். அவன் ரிசீவரை வைத்த சத்தம் கேட்ட பிறகுதான் உள்ளே வருவார்.

ஒரு இலையுதிர் காலத்து மத்தியானம் ஜோல்சு மனுக்கட்டை முன்னால் வைத்து, நெற்றியில் கையை ஊன்றி, கண்ணை மூடியிருந்தான். உண்மையில் தூக்கம்.

"தலை வலிக்குதா தம்பி?"

திடுக்கிட்டு விழித்தான். அனார்கான் எஜே பக்கத்தில் நின்றிருந்தார்.

"உன்னைப் பார்க்கவே முடியல. இப்படியே போனா அம்பது வயசுக்குள்ளயே கிழவனாயிடுவே. குடு இங்க, பாதியை நான் பார்க்கறேன்."

"வேணாம் எஜே."

"குடுன்னா குடு."

அவன் ஒரு தடவைதான் வேண்டாம் என்றான்.

அன்று பாதிக் கட்டு போனது. அடுத்த வாரம் கேட்காமலே வந்து எடுத்துக்கொண்டார். குளிர்காலம் வருவதற்குள் மனுக்களில் முக்கால்வாசி அவர் மேஜைக்குப் போயிருந்தன. அவரே தேடி, அவரே எழுதி, ஜோல்சுவின் கையெழுத்துக்கு இடம் விட்டு வைத்துவிடுவார். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் வீட்டுக்குப் போகாமல், கைக்குட்டையில் முடிந்து கொண்டுவந்த, எண்ணெயில் பொரித்த போர்சோக் மாவு உருண்டைகளைத் தேநீரில் நனைத்துத் தின்றபடியே எழுதுவார். பாலிக்சியில் இருந்த மகளுக்குக் குழந்தை பிறந்து தொட்டில் விருந்து வைத்தபோது இரண்டே நாளில் திரும்பி வந்துவிட்டார். "இங்க தம்பி தனியா திணறுவான்னு சம்பந்திகிட்ட சொல்லிட்டு வந்தேன்" என்று சிரித்தார். அந்த இரண்டு நாளும் தம்பி மூன்று குறுக்கெழுத்துகளை முடித்திருந்தான்.

ஜோல்சுவுக்கு மனசாட்சி இல்லாமல் இல்லை. திங்கட்கிழமையிலிருந்து ஒழுங்காக வேலை செய்வது என்று ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் முடிவு செய்வான். ஆனால் திடீரென்று எல்லாவற்றையும் முடித்து வைத்தால், இத்தனை நாள் என்ன செய்தாய் என்ற கேள்வி வருமே. வீட்டிலும் இதே கதைதான். மனைவி பெயர் செய்தே. அவன் உள்ளே நுழைந்ததும் பிள்ளைகளை அதட்டுவாள்: "சத்தம் போடாதீங்க! அப்பா செத்துப் பிழைச்சு வந்திருக்கார்." கொழுப்புள்ள நல்ல கறித்துண்டு அவன் தட்டுக்குத்தான் வரும். பிள்ளைகள் அதையே பார்த்திருப்பார்கள். ஆனாலும் சாப்பிட்டுவிடுவான்.

இரண்டு குளிர்காலம் இப்படிப் போனது. இரண்டாவது குளிர்காலத்தின் கடைசியில், பிப்ரவரியில், துர்தாலி பைகே அவனைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். கதவைச் சாத்தச் சொன்னார்.

"மேலேர்ந்து கடிதம் வந்திருக்கு. உங்க அறையில ஒரு ஆள் போதுமாம். இன்னொருத்தரை நிறுத்தணும்."

போச்சு, கண்டுபிடித்துவிட்டார்கள் என்று ஜோல்சு நினைத்தான்.

"முகம் ஏன் வெளுக்குது? உன்னை இல்லப்பா. உன்னை நிறுத்தினா ஊரே என்னைக் காறித் துப்பும். அனார்கானைத்தான் சொல்றேன். தங்கமான மனுஷி. ஆனா பாரு, மார்ச்சுக்குள்ள முடிக்கணும்னு சொன்ன அடுக்கு வேலையில பாதிகூட ஆகல. ரெண்டு வருஷமாவே பின்தங்கித்தான் இருக்காங்க. என்ன செய்யறாங்கன்னே தெரியல."

என்ன செய்கிறார் என்பது ஜோல்சுவுக்குத் தெரியும்.

"பைகே..."

"சொல்லு."

கையிலிருந்த காகிதத்தை மடித்தான், பிரித்தான்.

"அவங்களுக்குப் பென்ஷன் வர இன்னும் நாலு வருஷம் இருக்கே."

"தெரியும். உனக்கு மூணு பிள்ளைங்க இருக்கு, அதுவும் தெரியும். போ, போய் வேலையைப் பாரு. உனக்கு ஏற்கனவே தலைக்கு மேல கிடக்கு."

வெளியே வந்தான். தாழ்வாரத்தில் பாதி ஓட்டமாகப் போய்க்கொண்டிருப்பதை நடுவழியில்தான் உணர்ந்தான்.

அனார்கான் எஜே அழவில்லை. கடைசி நாளன்று தேநீர்க் கோப்பையையும் சால்வையையும் பைக்குள் வைத்துக்கொண்டு அவனிடம் வந்தார்.

"யாரையோ நிறுத்தப் போறாங்கன்னு கேட்டதும் நீயா இருக்குமோன்னு பயந்தேன் தம்பி. நீ இல்லைன்னு தெரிஞ்சப்புறம்தான் மூச்சே வந்தது. சின்னப் பிள்ளைங்களை வெச்சுக்கிட்டு நீ என்ன பண்ணுவே." பிறகு ஒரு கட்டை அவன் மேஜைமேல் வைத்தார். "இது உன்னோட மனுக்கள், பன்னெண்டு இருக்கு. எல்லாம் முடிச்சிட்டேன். கையெழுத்து மட்டும் போட்டுடு. மத்தியானம் சாப்பிடாம இருக்காதே."

அவர் போன பிறகு ஜோல்சு பன்னிரண்டிலும் கையெழுத்துப் போட்டான்.

மார்ச் மாதம் அவன் வேலை செய்யத் தொடங்கினான். நிஜமாகவே. குறுக்கெழுத்துப் புத்தகத்தை அடுப்பில் போட்டான். அறையில் அவன் மட்டும்தான். யாருக்காகவும் நெற்றியைச் சுருக்க வேண்டியதில்லை. அப்போதுதான் ஒன்று தெரிந்தது. அவன் பங்கு வேலை முழுவதும் சேர்த்து ஒரு நாளைக்கு இரண்டரை மணி நேரம். அவ்வளவே. பத்து மணிக்கு உட்கார்ந்தால் சாப்பாட்டுக்கு முன் முடிந்துவிடுகிறது. இந்த இரண்டரை மணி நேரத்துக்காகத்தான் ஒரு மனுஷி வேலையை இழந்திருக்கிறார். மீதி நேரத்தில் அனார்கான் எஜே விட்டுப்போன மூட்டைகளைப் பிரித்து அடுக்கினான். அதையும் வேகமாகச் செய்தான். மே மாதத்தில் துர்தாலி பைகே வந்து பார்த்துவிட்டு, "நான் சொல்லல? சரியான ஆளைத்தான் வெச்சிருக்கேன்" என்று தோளில் தட்டினார். அந்த இடம் சாயந்திரம் வரை அரித்தது.

அனார்கான் எஜே சனிக்கிழமைச் சந்தையில் கம்பளிக் காலுறையும் உலர்ந்த தயிர் உருண்டையும் விற்கிறார் என்று மனைவி சொல்லியிருந்தாள். அதற்குப் பிறகு ஜோல்சு சந்தைக்குள் போனால் பின்பக்க வழியாகவே போவான். ஆனால் ஜூனில் ஒரு நாள் மாட்டிக்கொண்டான்.

"ஜோல்சு! தம்பி, இங்க வா! உன்னைத்தான் தேடிக்கிட்டிருந்தேன்."

ஒரு பழைய பெட்டியைக் கவிழ்த்துப்போட்டு அதன்மேல் காலுறைகளைப் பரப்பி வைத்திருந்தார். வெயிலில் முகம் கறுத்திருந்தது.

"ஊல்கான்னு ஒருத்தி மனுக் கொடுத்தாளே, மேல்கரைக்காரி. பதிவு இல்லைன்னு பதில் போட்டியாமே. போன சனிக்கிழமை இங்க நின்னு அழுதா. பதினேழு வருஷம் பால் கறந்தவ அவ."

ஜோல்சுவுக்கு நினைவு வந்தது. பதிவேட்டில் விரலை ஓட்டினான், பெயர் இல்லை, இல்லை என்று எழுதினான். பத்து நிமிஷ வேலை.

"கல்யாணத்துக்கு முன்னாடி அவ அப்பா பேர்ல இருந்திருப்பா. அதைப் பார்த்தியா?"

"இல்ல எஜே."

"பால் பண்ணைக்குத் தனி நோட்டு உண்டு, பச்சை அட்டை. பெரிய புத்தகத்துல அவங்க பேர் வராது. பால்காரிங்க எல்லாரும் அதுலதான் இருப்பாங்க." அவன் முகத்தைப் பார்த்துவிட்டு உடனே குரலைத் தணித்தார். "உன்னைக் குத்தம் சொல்லலப்பா. ரெண்டு ஆள் வேலையைத் தனியாளா செய்யறே. அவ்வளவு வேலைக்கு நடுவுல விட்டுப்போகத்தான் செய்யும்."

அந்தக் கடைசி வார்த்தைதான் அவனை உடைத்தது. அவர் திட்டியிருந்தால் தலையைக் குனிந்து கேட்டுவிட்டுப் போயிருப்பான்.

"எஜே, வேலை அதிகம் இல்லை."

"என்னது?"

"இப்பவும் இல்லை. அப்பவும் இல்லை. நான் சும்மா... இருக்கற மாதிரி காட்டிக்கிட்டேன். நீங்க என் மனுவையெல்லாம் எடுத்துக்கிட்டப்போ நான் சும்மாதான் உட்கார்ந்திருந்தேன்."

அனார்கான் எஜே அவனையே பார்த்தார். விளையாடுகிறானா என்று பார்ப்பது போல முதலில் ஒரு சிரிப்பு வந்தது. அது மெல்ல மறைந்தது. கையிலிருந்த காலுறையை மடித்து, மறுபடி பிரித்து, மறுபடி மடித்தார்.

"அந்த டெலிபோன்? நரீன்காரங்களோட பேசினது?"

"யாரும் இல்லை எஜே."

"நான் வெளிய போய் நின்னேனே."

"ம்."

"எனக்கு மூட்டுவலின்னு உனக்குத் தெரியும் இல்ல?"

"தெரியும்."

"தெரிஞ்சுமா?"

குதிரைச் சாட்டையோடு ஒருவர் வந்து காலுறையைத் தொட்டுப் பார்த்தார். அனார்கான் எஜே அவர் பக்கம் திரும்பினார். "கறுப்பு வேணுமா, சாம்பலா? சாம்பல் நல்லா சூடு தாங்கும்" என்றார். ஜோல்சு கொஞ்ச நேரம் நின்றான். அவர் மறுபடி இவன் பக்கம் திரும்பவில்லை.

திங்கட்கிழமை பச்சை அட்டை நோட்டைத் தேடி எடுத்தான். தந்தை பெயரோடு ஊல்கான் அதில் இருந்தாள், பதினேழு வருஷமும். சான்றை எழுதி எடுத்துக்கொண்டு அடுத்த ஞாயிற்றுக்கிழமை மேல்கரைக்கு அவனே போனான். ஊல்கான் அவனை உட்கார வைத்து, ரொட்டியும் வெண்ணெயும் வைத்து, பக்கத்து வீட்டுக்காரிகளைக் கூப்பிட்டாள். "பாருங்கடி, அத்தனை வேலைக்கு நடுவுல இந்த மனுஷன் எனக்காக மலையேறி வந்திருக்கார்!" ஜோல்சு ரொட்டியைப் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டு தரையைப் பார்த்தான்.

அந்த வாரமே துர்தாலி பைகேயின் அறைக்குப் போய், நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னான். அவர் குறுக்கே பேசாமல் கேட்டார். முடித்ததும் எழுந்து போய்க் கதவு சாத்தியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு வந்தார்.

"இதை வேற யார்கிட்ட சொன்னே?"

"அனார்கான் எஜேகிட்ட."

"அவங்க பேச மாட்டாங்க. நீயும் வாயைத் திறக்காதே. உன்னைப் பத்தி நரீனுக்கு என்ன எழுதினேன் தெரியுமா? ரெண்டு ஆள் வேலையை ஒருத்தனே செய்யறான், பாராட்டணும்னு எழுதியிருக்கேன். இப்ப என்ன எழுதச் சொல்றே? பன்னெண்டு வருஷமா ஒருத்தன் என்னை முட்டாளாக்கினான்னா?"

அவர் முன்னால் விரிந்திருந்த கோப்புக்கு அடியில் செய்தித்தாளின் ஓரம் நீட்டிக்கொண்டிருந்தது. இரண்டு பேருமே அதைப் பார்த்தார்கள். அவர் கோப்பைக் கொஞ்சம் நகர்த்தினார்.

"என் வேலையை ரெண்டா பிரிங்க, பைகே. பாதிச் சம்பளத்துக்குப் பாதி நாள். மீதிப் பாதியை அவங்களுக்குக் குடுங்க. அதுக்குச் சட்டத்துல இடம் இருக்கு."

துர்தாலி பைகே வெகுநேரம் தாடையைத் தடவினார். "காரணம் வேணுமே. உண்மையை எழுத முடியாது." பிறகு வெள்ளைத் தாளை அவன் பக்கம் தள்ளினார். "எழுது. நான் சொல்றேன்."

நீண்டகால அதிக வேலைப்பளுவினால் தன் உடல்நலம் குன்றியிருப்பதாகவும், முழுநாள் பணியாற்ற இயலாத நிலையில் இருப்பதாகவும் ஜோல்சு எழுதினான். எழுதும்போது காது சுட்டது. மறுநாளே ஊருக்குள் செய்தி பரவிவிட்டது. உழைத்து உழைத்து உடம்பைக் கெடுத்துக்கொண்டான் பாவம் என்றார்கள். யாரோ வீட்டுக்குக் குதிரைப்பால் கொடுத்தனுப்பினார்கள், தெம்புக்கு.

அந்தப் பாலை முன்னால் வைத்துக்கொண்டு செய்தேயிடம் உண்மையைச் சொன்னான். அவள் மாவு பிசைந்துகொண்டிருந்தாள். கையை நிறுத்தவில்லை.

"அப்போ பன்னெண்டு வருஷமா நான் பிள்ளைங்க வாயைப் பொத்தினது?"

அவன் பால் பாத்திரத்தைத் தள்ளி வைத்தான்.

"பெரியவன் உன்னோட பேசவே பயப்படறான், தெரியுமா உனக்கு? அப்பாவுக்கு அலுப்பு, அப்பாவுக்கு அலுப்புன்னு நான்தான் சொல்லிச் சொல்லி வளர்த்தேன்."

அன்றிலிருந்து கறித்துண்டு முதலில் பிள்ளைகளுக்குப் போனது. குறைந்த சம்பளத்துக்கு ஈடுகட்ட, காலை நேரங்களில் ஜோல்சு மைத்துனனின் பழைய காரில் பாலிக்சிக்கு ஆள் ஏற்றி ஓட்டினான். பெரியவனைப் பக்கத்தில் உட்கார வைத்துப் பேச்சுக் கொடுத்துப் பார்த்தான். பையன் ஆமாம், இல்லை என்று மட்டும் பதில் சொன்னான்.

அனார்கான் எஜே உடனே வரவில்லை. இரண்டு தடவை ஆள் அனுப்பியும் மறுத்துவிட்டார். மூன்று வாரம் கழித்து ஒரு காலையில் வந்து, கோப்பையையும் சால்வையையும் பழைய இடத்தில் வைத்தார். ஜோல்சு அவசரமாக எழுந்து நின்றான்.

"உங்களுக்காக வரல" என்றார் அவர். "அந்தக் காகிதமெல்லாம் நான் தொட்டு எடுத்தது. எலிக்கு விட மனசில்லை."

உங்களுக்காக. அவன் காதில் முதலில் விழுந்தது அதுதான். பன்னிரண்டு வருஷம் நீ என்றும் தம்பி என்றும் கூப்பிட்ட வாய். அன்றிலிருந்து "ஜோல்சுபெக், நீங்க இந்தத் தாளைப் பார்த்தீங்களா", "நீங்க சாவியை எங்க வெச்சீங்க" என்றுதான். கோபத்தோடு அல்ல, முன்பின் தெரியாத ஒருவரிடம் பேசும் அதே நாகரிகத்தோடு. அவருக்குக் காலை, இவனுக்கு மத்தியானம். நடுவில் ஒரு மணி நேரம் இருவரும் ஒன்றாக இருப்பார்கள். அந்த ஒரு மணி நேரத்தில் ஜோல்சு பதிவு இல்லை என்று எழுத வேண்டிய மனுக்களை எல்லாம் அவரிடம் காட்டுவான். பத்தில் ஏழு பெயர் எங்கேயாவது கிடைத்துவிடும். எப்படித் தேட வேண்டும் என்று அவர் பொறுமையாகவே சொல்லிக்கொடுத்தார். அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசியதில்லை. டெலிபோனை அவன் தாழ்வாரத்து மேஜைக்கு மாற்றி வைத்தான். அதை அவர் பார்த்தார்.

நான்கு வருஷம் கழித்து அனார்கான் எஜே ஓய்வு பெற்றபோது அலுவலகத்திலேயே ஆடு அறுத்து விருந்து வைத்தார்கள். மகள் பாலிக்சியிலிருந்து பேத்தியோடு வந்திருந்தாள். வழக்கப்படி ஒவ்வொருவராக எழுந்து நல்வார்த்தை சொன்னார்கள். துர்தாலி பைகே நீளமாகப் பேசினார். ஜோல்சுவின் முறை வந்தது. முந்தின இரவு முழுக்க மனதுக்குள் தயார் செய்து வைத்திருந்தான்: இந்த அலுவலகத்தில் என் பெயரில் நடந்த வேலை எல்லாம் இவர் செய்தது என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிடுவது.

எழுந்து நின்றான். எல்லாரும் அவனைப் பார்த்தார்கள். உடம்பைக் கெடுத்துக்கொண்ட நல்ல உழைப்பாளியைப் பார்க்கும் பார்வை.

"எஜே, உடம்பு நல்லா இருக்கணும். நூறு வருஷம் இருங்க. பேரப்பிள்ளைங்க கல்யாணத்தைப் பார்க்கணும்" என்றான்.

குரல் கம்மியது. பாசம் என்று நினைத்துச் சிலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். ஜோல்சு உட்கார்ந்தான். எதிரே அனார்கான் எஜே அவனைப் பார்த்தபடி இருந்தார். இவன் என்ன சொல்ல எழுந்தான், என்ன சொல்லிவிட்டு உட்கார்ந்தான் என்பது இரண்டும் அவருக்குத் தெரிந்திருந்தது போலப் பட்டது. அவர் கறித்தட்டை இவன் பக்கம் நகர்த்தினார்.

"சாப்பிடுங்க ஜோல்சுபெக்" என்றார். "ஆறிடும்."